காப்பீட்டுக்காரர் தொடங்கிய கச்சேரி

அமெரிக்க வானொலி நிலையங்களின் பெயர்கள் லாரி நம்பர் பிளேட்டிலிருந்து பெயர்த்தெடுத்தவை போல இருக்கும். டபிள்யூ.எல்.எஸ்., டபிள்யூ.ஜி.என்., கே.டி.கே.ஏ. என்று வெறும் எழுத்துகள். 1920-களில் அந்த எழுத்துகளுக்குள் விளம்பரத்தை ஒளித்து வைக்கும் வழக்கம் இருந்தது. சிகாகோவின் டபிள்யூ.எல்.எஸ். சியர்ஸ் கம்பெனியின் நிலையம். 'உலகிலேயே பெரிய கடை' என்பதன் முதலெழுத்துகள் அவை. அதே ஊரின் டபிள்யூ.ஜி.என்., 'உலகிலேயே சிறந்த செய்தித்தாள்' என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்ட சிகாகோ ட்ரிப்யூனுடையது. டென்னசி மாநிலத்து நாஷ்வில்லில் 1925 அக்டோபர் 5 அன்று ஒலிபரப்பைத் தொடங்கிய டபிள்யூ.எஸ்.எம்.முக்கு விரிவு, 'பல லட்சம் பேருக்கு நாங்கள் கேடயம்'. இப்படிச் சொல்லிக்கொண்டவர்கள் ராணுவத்தார் இல்லை, இன்ஷூரன்ஸ்காரர்கள்.

கண்ட்ரி என்ற அமெரிக்கக் கிராமத்து இசையின் பிரியர்களிடம் நல்ல ஸ்டேஷன் எது என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். ஒருவருக்கு அவர் ஊர் எஃப்.எம்., இன்னொருவருக்கு லாரி ஓட்டும்போது ராத்திரியில் கேட்ட ஏதோ ஒன்று. ஆனாலும் பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் மத்திய அலை 650-இல், அதாவது டபிள்யூ.எஸ்.எம்.மில், வந்து நிற்கும். டபிள்யூ.எஸ்.எம். நல்ல நிலையம் ஆனதற்குக் காரணம் அதை நடத்தியவர்களின் இசைப் பற்று என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். மீதிப் பாதி, வாசலில் வந்து நிற்கும் வசூல்காரனை வீட்டுக்காரம்மா உள்ளே விடவேண்டுமே என்ற கவலையில் பிறந்தது.

கம்பெனியின் பெயர் நேஷனல் லைஃப் அண்ட் ஆக்சிடென்ட். பணக்காரர்களுக்குப் பெரிய பாலிசி விற்றுப் பெரிதானதல்ல. ஆலைத் தொழிலாளி, சமையல் வேலைக்குப் போகிறவள், மூட்டை தூக்குகிறவர் போன்றவர்களுக்கு, படுத்துக்கொண்டால் கொஞ்சம், கை கால் போனால் கொஞ்சம், செத்தால் அடக்கச் செலவுக்குக் கொஞ்சம் என்று சில்லறைப் பாலிசி போட்டு வளர்ந்தது. அந்தக் குடும்பங்களில் கறுப்பினத்தவர் நிறையப் பேர். தவணையும் சில்லறைதான். மாதக் கணக்கில் விட்டால் அந்தக் காசு கையில் தங்காது என்பதால் ஏஜென்ட் வாராவாரம் வீடு தேடி வந்து வாங்கிக்கொண்டு, புத்தகத்தில் குறித்துவிட்டுப் போவார். தண்டல்காரர் தெருவுக்குள் நுழைந்ததும் கதவுகள் எப்படிச் சாத்திக்கொள்ளும் என்பது உலகம் முழுக்க ஒரே கதைதான்.

கம்பெனியை நிறுவியவர்களில் ஒருவரான சி.ஏ. கிரெய்கின் மகன் எட்வின் கிரெய்க். அவருக்கு ரேடியோப் பித்து. பெரியவர்கள் தயங்கினார்கள். அவர்களைச் சம்மதிக்க வைத்து, புதிதாகக் கட்டிய தலைமை அலுவலகத்தின் ஐந்தாவது மாடியில் ஸ்டூடியோ போட வைத்தார். ஆயிரம் வாட் சக்தி. அன்றைய தென் மாநிலங்களில் அதுவே பெரிய சமாச்சாரம். திறப்பு விழா இரவில் ஒலித்தது பெரும்பாலும் கனவான்களுக்கான இசை. நாஷ்வில் தன்னைத் 'தெற்கின் ஏதென்ஸ்' என்று அழைத்துக்கொண்ட ஊர். கிரேக்கப் பார்த்தினன் கோயிலைப் போலவே ஒரு கட்டடம் எழுப்பிப் பூங்காவில் நிறுத்தி வைத்திருந்த ஊர். அங்கே ஃபிடில் வாசிக்கும் கிராமத்துக் கிழவர்களை மைக் முன் உட்கார வைக்கும் எண்ணம் யாருக்கும் அன்றைக்கு வந்திருக்காது.

வந்தது ஒரு விருந்தாளிக்கு. திறப்பு விழாவுக்கு வெளியூர் அறிவிப்பாளர்கள் சிலரை அழைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் சிகாகோ டபிள்யூ.எல்.எஸ்.ஸின் ஜார்ஜ் டி. ஹே. தன்னை 'இறுகிய முகத்துக் கிழட்டு நீதிபதி' என்ற பொருளில் ஒரு பட்டப்பெயரால் அறிவித்துக்கொள்வார். அவர் நீதிபதியும் இல்லை, கிழவரும் இல்லை. நவம்பரில்தான் முப்பது முடிந்தது. மெம்ஃபிஸ் பத்திரிகையில் நிருபராக இருந்தபோது போலீஸ் கோர்ட்டு நடப்புகளை நகைச்சுவைப் பத்தியாக எழுதினார். வெள்ளை நீதிபதியும் குற்றம் சாட்டப்பட்ட கறுப்பினத்தவரும் பேசிக்கொள்வதுபோல அமைந்த பத்தி அது. பட்டப்பெயர் அங்கிருந்து வந்தது. இந்தத் தகவலைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அதே நிருபர் வேலையில் ஒருமுறை ஆர்கன்சா மலைப்பக்கத்துக்கு ஒரு போர்வீரனின் இறுதிச் சடங்கைப் பற்றி எழுதப் போயிருக்கிறார். வேலை முடிந்து ஊருக்குள் சுற்றியபோது, மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய ஒரு குடிசையில் மண்ணெண்ணெய் விளக்கொளியில் இருபது முப்பது பேர் விடியவிடிய ஆடுவதைப் பார்த்தார். ஒரு ஃபிடில், ஒரு கிதார், ஒரு பாஞ்சோ. அந்த இரவைத்தான் தன் வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப ஒலிபரப்பப் பார்த்தேன் என்பதுபோலப் பின்னாளில் சொல்வார். சிகாகோவில் 1924 ஏப்ரலில் தொடங்கிய 'பார்ன் டான்ஸ்', அதாவது களஞ்சியத்து ஆட்டம், அதற்கு ஒரு ஒத்திகை. உண்மையில் அந்த வகை நிகழ்ச்சிக்கு முதல் பெருமை டெக்ஸாஸின் ஃபோர்ட் வொர்த் நிலையத்துக்குத்தான் போகவேண்டும். 1923 ஜனவரியிலேயே அங்கே ஃபிடில்காரர்களை வைத்து ஒரு களஞ்சியத்து ஆட்டம் நடந்துவிட்டது. ஆனால் முதலில் செய்தவரைவிட விடாமல் செய்தவருக்குத்தான் பெயர் நிற்கிறது.

கிரெய்க் அவரை விடவில்லை. அடுத்த மாதமே ஹே நாஷ்வில்லுக்கு வேலைக்கு வந்துவிட்டார்.

1925 நவம்பர் 28, சனிக்கிழமை, இரவு எட்டு மணி. ஸ்டூடியோவின் பியானோக்காரி ஈவா தாம்சன் ஜோன்ஸ் தன் சித்தப்பாவை அழைத்து வந்தார். அங்கிள் ஜிம்மி தாம்சனுக்கு வயது 77. தாடிக்காரர். ஃபோர்டு லாரி ஒன்றின் முதுகில் சின்ன வீடு போலக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் வாசித்த மனிதர். தன் ஃபிடிலுக்கு 'ஓல்ட் பெட்சி' என்று பெயர் வைத்திருந்தார். அவரை மைக் முன்னால் சாய்வான நாற்காலியில் உட்கார வைத்தார் ஹே; கிழவர் வாசித்தார். ஒரு மணி நேரம் கழிந்தது. களைத்திருப்பீர்களே, போதுமா என்று கேட்டதற்குக் கிழவர் சீறினாராம்: ஒரு மணி நேரத்தில் ஒரு மனுஷனுக்கு உடம்பே சூடாகாதே, எட்டு நாள் நடந்த போட்டியில் வாசித்து ஜெயித்தவன் நான். ஆயிரம் பாட்டுகள் தெரியும் என்பது அவர் பெருமை. இப்படியொரு ஆளை நிறுத்தச் சொல்வது யார்?

தந்திகள் வந்தன, கடிதங்கள் வந்தன. இந்தப் பாட்டு வாசியுங்கள், அந்தப் பாட்டு வாசியுங்கள் என்று. டிசம்பர் கடைசி வாரம் நிலையம் அறிவித்துவிட்டது: இனிச் சனிக்கிழமைதோறும் ஒன்றிரண்டு மணி நேரம் பழைய பாட்டு. அங்கிள் ஜிம்மிக்கு முன்பே அந்த நிலையத்தில் இதே மாதிரி வாசித்தவர்கள் இருந்தார்கள். ஹம்ஃப்ரி பேட் என்ற டாக்டர், பகலில் நோயாளி பார்த்துவிட்டு இரவில் மவுத் ஆர்கன் வாசிக்கிறவர், தன் குழுவுடன் வந்து போனார். கதை சொல்கிறவர்கள் என்னவோ தாடிக்காரக் கிழவரில் இருந்துதான் தொடங்குகிறார்கள். பிறந்த நாள் என்று ஒன்று வேண்டுமில்லையா.

ஹேயின் கைவண்ணம் இதற்குப் பிறகுதான் ஆரம்பம். டாக்டர் பேட் கோட்டு, டை கட்டிக்கொண்டு வந்தவர். அவர் குழுவுக்குப் 'பாசம் வேட்டைக்காரர்கள்' என்று பெயர் வைத்தார். பாசம் என்பது அங்கே மரத்தில் திரியும், பூனை அளவுள்ள ஒரு பிராணி. இன்னொரு குழு 'பழ ஜாடிக் குடியர்கள்'. வேறொன்று 'ஓடை தாண்டிகள்'. கோட்டைக் கழற்றச் சொல்லி, தோள்வார் வைத்த உழவர் உடுப்பை மாட்டி, சோளக்கொல்லையில் நிற்க வைத்துப் படமெடுத்தார்கள். மண்ணை ஒட்டியே வாசியுங்கள், மேலே பறக்காதீர்கள் என்பது அவர் ஓயாமல் சொன்ன சொல். அந்த மண்ணில் ஒரு பங்கு அவரே குழைத்தது. நகரத்தில் வேலை பார்த்துக்கொண்டு ஊரை நினைத்து ஏங்குகிறவர்களுக்கு எந்த ஊர் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இதைப் பொய் என்று சொல்லத் தோன்றும். சொன்னால் முக்கால்வாசி நாடகக் கொட்டகைகளையும் மூடவேண்டி வரும்.

இனி பெயர் வந்த கதை. 1927-இல் ஒரு சனிக்கிழமை. ஹேயின் நிகழ்ச்சிக்கு முந்தைய ஒரு மணி நேரம், நியூயார்க்கிலிருந்து என்.பி.சி. அனுப்பிய சாஸ்திரிய இசை. நடத்தியவர் வால்ட்டர் டாம்ரோஷ், பெரிய இசை நடத்துநர். முடிக்கும்போது அவர், சாஸ்திரிய இசையில் யதார்த்தத்துக்கு இடமில்லை, இருந்தாலும் ரயில் ஓடுவதைச் சித்திரிக்கும் ஓர் இளம் இசைஞரின் படைப்பை விதிவிலக்காகத் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். நாஷ்வில் ஸ்டூடியோவில் இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஹேக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி. அடுத்த மூன்று மணி நேரமும் எங்களிடம் யதார்த்தத்தைத் தவிர வேறொன்றும் கிடையாது என்று சொல்லிவிட்டு, மவுத் ஆர்கனோடு நின்றிருந்த ஒரு குள்ளமான இளைஞரை அழைத்தார். டிஃபோர்ட் பெய்லி. அவர் வாசித்தது 'பான் அமெரிக்கன் ப்ளூஸ்'. அதுவும் ரயில்தான்.

பெய்லியின் ரயிலைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். டென்னசியின் ஸ்மித் கவுன்ட்டியில் 1899-இல் பிறந்தவர். மூன்று வயதில் இளம்பிள்ளைவாதம். உயிர் தப்பினார், வளர்ச்சி நின்றது, ஐந்தடியைத் தொடவில்லை. ஒரு வருஷம்போலப் படுக்கையில் கிடந்தபோது கையில் கொடுத்த விளையாட்டுப் பொருள் மவுத் ஆர்கன். கிடந்தபடியே வெளியில் கேட்ட நாய்க் குரைப்பு, கோழிச் சத்தம், தூரத்து ரயில் என்று எல்லாவற்றையும் அதில் பிடித்துப் பார்த்தார். பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒரு ரயில் பாலம். ரயில் வரும் நேரம் பார்த்து அதன் அடியில் போய்க் கண்களைக் கையால் மூடிக்கொண்டு நிற்பாராம், சத்தம் மட்டும் உள்ளே போகட்டும் என்று. பிறகு பள்ளிக்கூடம் வரை அதையே வாசித்துக்கொண்டு நடை. அதனால்தான் அவர் ரயிலில் விசில் மட்டும் இல்லை. நின்ற இடத்திலிருந்து மூச்சுவாங்கிக் கிளம்புவது, தண்டவாளப் பூட்டுகளின் மேல் சக்கரம் ஏறி இறங்குவது, வேகம் பிடிப்பது, பாலத்தின் மேல் சத்தம் மாறுவது, தூரத்தில் கரைவது எல்லாம் உண்டு. பத்துத் துளையுள்ள ஒரு சின்னத் தகரத்தில். உதட்டால் ஊதியும் இழுத்தும் தாளத்தையும் மேற்சத்தத்தையும் ஒரே சமயத்தில் நடத்துகிற வித்தை அது. 1928-இல் விக்டர் கம்பெனி நாஷ்வில்லுக்கு வந்து இசைத்தட்டுப் பதிவு நடத்தியபோது பெய்லியையும் பதிவு செய்தார்கள். பின்னாளில் உலகமே வந்து பாட்டுப் பதியப்போகும் ஊரில் முதன்முதலில் பதிவான இசையில் அவருடையதும் சேர்த்தி.

ரயில் ஓய்ந்ததும் ஹே மைக்குக்கு வந்தார். இதுவரை ஒரு மணி நேரமாகக் 'கிராண்ட் ஓப்ரா' கேட்டீர்கள், இனி வருவது 'கிராண்ட் ஓல் ஓப்ரி' என்றார். 'ஓப்ரா'வைக் கொச்சையாக உச்சரித்தால் ஓப்ரி. ஒரு கிண்டல், அவ்வளவுதான். அந்தக் கிண்டலைப் பெயராகக் கொண்ட நிகழ்ச்சி நூறு வயதைத் தொட்டுவிட்டது.

ஸ்டூடியோவுக்குள் நடந்தது இப்படி. ஆனால் நல்ல நிகழ்ச்சி மட்டும் இருந்தால் நல்ல வானொலி ஆகாது, கேட்க வேண்டும். 1932-இல் டபிள்யூ.எஸ்.எம். ஐம்பதாயிரம் வாட்டுக்குப் போனது. நாஷ்வில்லுக்குத் தெற்கே பிரென்ட்வுட்டில் 878 அடி உயரத்தில் ஒரு கோபுரம் எழும்பியது, அன்றைக்கு அமெரிக்காவிலேயே உயரமான வானொலிக் கோபுரம். பார்த்தால் பம்பரம் நினைவுக்கு வரும். அடி ஊசிபோல மெலிந்து ஒரு பீங்கான் கட்டையின்மேல் நிற்கும். நடுவில் அகன்று, மேலே மறுபடி மெலியும். இடுப்பில் இழுவைக் கம்பிகள். கோபுரமே ஏரியல் என்பதால் மின்சாரம் தரைக்கு இறங்காமல் தடுக்க அந்தப் பீங்கான்.

உயரம் கூடினால் நல்லது என்று நினைத்துத்தான் கட்டினார்கள். கட்டிய பிறகு தொல்லை தெரிந்தது. தரையோடு தவழ்ந்து போகும் அலையும், மேலே போய் வானடுக்கில் மோதித் திரும்பும் அலையும் சட்டனூகா பக்கத்தில் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து அழித்துக்கொண்டன. அந்த ஊரில் ஒலி மங்கி மங்கி வந்தது. 1939-இல் கோபுரத்தின் உச்சியில் 70 அடியை வெட்டினார்கள். 808 அடி. இன்றைக்கும் அதே உயரத்தில்தான் நிற்கிறது.

இரவில் மத்திய அலை தூரம் போகும் என்பது பழைய ரேடியோப் பெட்டி வைத்திருந்தவர்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. பொழுது சாய்ந்ததும் வானடுக்கு கண்ணாடிபோல அலையைத் திருப்பி அனுப்பும். 650-ஐ இரவில் வேறு எந்த நிலையமும் தொடக்கூடாது என்று அரசாங்கம் ஒதுக்கியும் கொடுத்திருந்தது. ஆகவே சனிக்கிழமை இரவு நாஷ்வில்லில் மீட்டிய கம்பி மலைகளைத் தாண்டி, வயல்களைத் தாண்டி, பல மாநிலங்களுக்குப் போனது. கேட்டவர்கள் பலரின் வீட்டில் கரண்ட் இல்லை. 1930-களின் நடுவில்கூட அமெரிக்க கிராமத்து வீடுகளில் பத்தில் ஒன்பது இருட்டுதான். பேட்டரி ரேடியோ. பேட்டரி தீர்ந்தால் புதிதுக்குக் காசு வேண்டும். அதனால் வாரமெல்லாம் பெட்டியைத் தொடாமல் வைத்திருந்து சனிக்கிழமைக்கு மிச்சம் பிடிப்பார்கள். கென்டக்கி நிலக்கரி மலையில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகள் லொரெட்டா லின் இப்படிக் கேட்டு வளர்ந்தவர்தான். தேர்ந்தெடுத்துக் கேட்கிற காதுக்கு முன்னால் அலட்சியமாக நிகழ்ச்சி நடத்த முடியாது. இது அந்த நிலையத்துக்குத் தானாக வாய்த்த வரம்.

இன்னொரு விளையாட்டும் செய்தார்கள். கோபுரத்தை ஒட்டி எல் அண்ட் என் கம்பெனியின் தண்டவாளம். சின்சினாட்டியிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் போகும் பான் அமெரிக்கன் ரயில் மாலையில் அவ்வழியே போகும். 1933-இல் தண்டவாளத்துப் பக்கம் ஒரு மைக்கை வைத்துவிட்டார்கள். ரயில் கடக்கும்போது டிரைவர் விசில் கொடுப்பார். அது அப்படியே வானொலியில். பெய்லி வாயால் ஓட்டிய அதே ரயில், இப்போது நிஜமாக. கொல்லையில் வேலையாக இருந்தவர்கள் இதைக் கேட்டு நேரம் பார்த்துக்கொண்டார்கள். இந்த ஒலிபரப்புக்குச் செலவு ஒரு மைக், கொஞ்சம் வயர். நல்ல வானொலிக்கு இதைவிடச் சின்ன உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை: தான் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பது அந்த நிலையத்துக்குத் தெரிந்திருந்தது.

ஏஜென்டுகளை நான் மறந்துவிடவில்லை. கம்பெனிச் சின்னமான கேடயத்தைச் சுமந்ததால் அவர்களுக்குக் கேடயக்காரர்கள் என்றே பெயர். இப்போது அவர்கள் வாசலில் நின்று சொல்ல வேண்டியது இன்ஷூரன்ஸ் கம்பெனி என்றில்லை. ஓப்ரி கம்பெனியிலிருந்து வருகிறேன் என்றால் போதும். பாட்டுக்காரர்களின் படம் போட்ட புத்தகம் பையில் இருக்கும். நிகழ்ச்சியை நேரில் பார்க்க அனுமதிச் சீட்டு வேண்டுமா, அதையும் ஏஜென்டிடம்தான் கேட்கவேண்டும். கதவு திறந்தது, காபி வந்தது, பாலிசியும் நடந்தது.

சீட்டு ஏன் என்றால் கூட்டம். முதலில் ஸ்டூடியோக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். பிறகு ஐந்நூறு பேர் உட்காரும் ஸ்டூடியோ கட்டினார்கள். அதுவும் நிரம்பி வழிந்தது. ஒரு சனிக்கிழமை கம்பெனியின் பெரிய தலைகள் இரண்டு பேர் தங்கள் சொந்த அலுவலகத்துக்குள் நுழைய முடியாமல் கூட்டத்தில் மாட்டிக்கொண்டார்கள் என்றும், அதோடு ரசிகர்களுக்கு அந்தக் கட்டடத்தில் இடமில்லாமல் போனது என்றும் ஒரு கதை. ஓப்ரி குடிமாறியது. ஒரு சினிமா தியேட்டர், மரத்தூள் கொட்டிய தரையுடன் ஒரு சுவிசேஷக் கூடாரம், போர் நினைவு மண்டபம். அங்கே 1939-இல் கூட்டத்தைக் குறைக்க 25 சென்ட் கட்டணம் போட்டார்கள்; குறையவில்லை. 1943-இல் ரைமன் அரங்கம். ஆற்றில் நீராவிப் படகுகள் ஓட்டிய டாம் ரைமன் என்பவர், ஒரு போதகரின் பேச்சைக் கேட்டு மனம் மாறி அந்தப் போதகருக்காகவே கட்டிய பிரார்த்தனைக் கூடம், 1892-இல் திறந்தது. மர பெஞ்சுகள், கோடையில் விசிறி. சபை உட்கார்ந்து பழகிய மரம் ஓசையை எப்படித் தாங்கியதோ, அதில் பாடினவர்கள் கடைசிவரை அதையே பேசினார்கள்.

ஊர்ப் பெரியவர்களுக்கு இதெல்லாம் உவப்பாக இல்லை. 1943-இல் ஓப்ரியின் ஒரு கொண்டாட்டத்துக்கு அழைக்கப்பட்ட மாநில ஆளுநர் பிரென்டிஸ் கூப்பர், அதன் முன்னணிப் பாடகர் ராய் ஏகஃப் டென்னசியின் மானத்தை வாங்குகிறார் என்ற பொருளில் சொல்லி வர மறுத்தார். ஏகஃப் 1948-இல் அதே பதவிக்கு வேட்பாளராக நின்றார். தோற்றார், ஆனால் கூட்டத்துக்குக் குறைவில்லை.

டிஃபோர்ட் பெய்லிக்கு வருகிறேன். பதினைந்து வருஷம் அவர் அந்த மேடையில். 1928-இல் மிக அதிகம் வாசித்தவர்களில் ஒருவர். வானொலியில் நிறம் தெரியாது; பலருக்கு அவர் கறுப்பினத்தவர் என்பதே தெரியாது. வெளியூர்ச் சுற்றுப் பயணத்தில் தெரிந்துவிடும். உடன் வந்த வெள்ளைக்காரப் பாடகர்கள் ஓட்டலில் தங்குவார்கள். அவருக்கு ஊர் எல்லையில் கறுப்பினக் குடும்பம் ஏதாவது இடம் கொடுத்தால் உண்டு. ஏகஃப் புதிதாக வந்தபோது கூட்டம் சேர்க்கப் பெய்லியைத்தான் உடன் அழைத்துப் போனார்.

1941-இல் பாட்டு உரிமைச் சண்டை. ஆஸ்கப் என்ற உரிமைச் சங்கம் கட்டணத்தை ஏற்றியதால் வானொலிகள் பி.எம்.ஐ. என்று தங்களுக்கென ஒன்றை ஏற்படுத்திக்கொண்டு, பழைய சங்கத்தின் பாட்டுகளை ஒலிபரப்ப மறுத்தன. பெய்லியின் பேர்பெற்ற உருப்படிகள் அதில் சிக்கின. அவரை அனுப்பிவிட்டார்கள். புதுப் பாட்டுக் கற்க மறுத்தார் என்றது நிலையம். பதினைந்து வருஷம் அதே பாட்டுகளைத்தானே கேட்டீர்கள் என்பது அவர் தரப்பு. 1945-இல் ஓப்ரியின் வரலாற்றைச் சின்னப் புத்தகமாக எழுதிய ஹே, பெய்லியைச் சோம்பேறி என்றும், செல்லப் பொருள் போல ஒரு சொல்லாலும் குறிப்பிட்டிருக்கிறார். நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அந்தக் கோர்ட்டுப் பத்தி எழுதிய கைதான் இது. 'ஓப்ரி' என்ற சொல் பிறந்த இரவில் ரயிலோட்டியவர், நாஷ்வில்லிலேயே ஷூ பாலிஷ் கடை வைத்துப் பிழைத்தார். 1982-இல் இறந்தார். கண்ட்ரி இசைப் புகழ் மண்டபத்தில் 2005-இல் இடம் கொடுத்தார்கள். இந்த நிலையத்தை நான் எவ்வளவு மெச்சினாலும் இந்தப் பத்தியைத் தாண்டிப் போக முடிவதில்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லலாம். அந்தக் காலத்தில் வாரத்தின் மற்ற நாட்களில் டபிள்யூ.எஸ்.எம். கண்ட்ரி நிலையமே இல்லை. நடன இசைக்குழு, நாடகம், செய்தி எல்லாம் இருந்தது. அந்த இசைக்குழுக்காரர்களும் பொறியாளர்களும் இருந்ததால்தான் போருக்குப் பின் பாட்டுப் பதிவு அங்கே வேரூன்றியது. நிலையத்தின் பொறியாளர்கள் மூவர் ஓர் ஓட்டலில் பதிவுக்கூடம் வைத்தார்கள். பியானோக்காரர் ஓவன் பிராட்லி பின்னாளில் 'நாஷ்வில் ஓசை' எனப்படும் பாணியை உருவாக்கிய தயாரிப்பாளர்களில் ஒருவரானார். 'இசை நகரம்' என்று ஊரை முதலில் அழைத்தவரும் அந்த நிலையத்து அறிவிப்பாளர் டேவிட் காப்தான், 1950-இல், மைக்கில் பேச்சுவாக்கில். நாள் முழுக்கக் கண்ட்ரி போடும் நிலையம் என்ற யோசனை டெக்ஸாஸின் லபக்கில் 1953-இல் கே.டி.ஏ.வி.யோடு வலுப்பெற்றது. முழுநேரக் கண்ட்ரி நிலையங்கள் 1961-இல் 81, 1969-இல் 606. அதற்குப் பிறகு பட்டியல் போட்டு, முதல் நாற்பது பாட்டைச் சுழற்றிச் சுழற்றிப் போடும் காலம். அது வியாபாரம். அதைக் குறை சொல்ல நான் யார். கேட்கும்போது எந்த ஊரில் இருக்கிறோம் என்று தெரியாது, அவ்வளவுதான்.

2002-இன் தொடக்கத்தில் டபிள்யூ.எஸ்.எம்.மையும் விளையாட்டுப் பேச்சு நிலையமாக மாற்றும் திட்டம் வந்தது. ரசிகர்கள் கிதாரோடு வாசலில் வந்து நின்றார்கள். திட்டம் கைவிடப்பட்டது. அந்தக் காலத்தில் அங்கே மாலையில் பேசியவர் எடி ஸ்டப்ஸ், தானே ஒரு ஃபிடில்காரர். அவசரமே இல்லாத குரல். பாட்டு முடிந்ததும் பாடியவர் பெயரோடு நிறுத்தமாட்டார்; ஸ்டீல் கிதார் யார், ஃபிடில் யார், எந்த வருஷம், எந்தக் கூடம் என்று சொல்வார். பெயர் தெரியாமல் வாசித்துவிட்டுப் போனவர்களுக்கு ஒரு வானொலி செய்யக்கூடிய மரியாதை அது. 2020-இல் ஓய்வு பெறும்வரை செய்தார்.

இப்போது ஓப்ரி ரைமனில் இல்லை. 1974-இல் புது அரங்கத்துக்குப் போய்விட்டது. போகும்போது பழைய மேடையிலிருந்து வட்டமாக மரத்தை அறுத்தெடுத்துப் புது மேடையின் நடுவில் பதித்தார்கள். 2010 மே மாத வெள்ளத்தில் அது தண்ணீருக்கு அடியில் கிடந்து, துடைத்துக் காயவைத்து மறுபடி மேடைக்கு வந்தது. நாஷ்வில்லின் கோடைச் சனிக்கிழமை இரவு ஏழு மணி எனக்கு ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை. காபி கலந்துகொண்டு போனில் கேட்பேன். ஐம்பதாயிரம் வாட் எனக்குத் தேவைப்படுவதில்லை; இணையம் கொண்டுவந்து கொடுக்கிறது, வானடுக்கின் இரைச்சல் இல்லாமல். அது ஒரு குறைதான். அறிவிப்பாளர் மேடையிலேயே நின்று விளம்பரத்தைப் படிப்பார், அதற்குப் பின்னால் அடுத்த குழு கம்பியைச் சுருதி கூட்டுவது கேட்கும், யாரோ இருமுவார், கூட்டம் சிரிக்கும்.

நேஷனல் லைஃப் கம்பெனி 1982-இல் வேறொரு கம்பெனியின் வயிற்றுக்குள் போனது. ஓப்ரியும் வானொலியும் மறு வருஷம் கைமாறின. வாராவாரம் வீடு தேடி வந்த கேடயக்காரர்கள் யாரும் இப்போது இல்லை. ஆனால் அமெரிக்க வானொலிச் சட்டப்படி ஒவ்வொரு நிலையமும் மணிக்கொரு தடவை தன் எழுத்துகளையும் ஊரையும் சொல்லியாகவேண்டும். ஆறரை மணிக்கு ஃபிடில் ஓய்ந்த இடைவெளியில் ஒரு குரல் அதைச் சொல்கிறது: டபிள்யூ.எஸ்.எம்., நாஷ்வில். செத்துப்போன கம்பெனியின் விளம்பரம், காசில்லாமல், மணிக்கொரு தடவை.